திரைக்குப் பின்னால் உருட்டிய பகடையை மாற்றிச் சொல்லலாமா?

கேள்வி:
ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பை நால்வர் ஆடுகிறார்கள். கதையையும் எதிரிகளையும் நடத்தும் கேம் மாஸ்டர் நான். பாத்திரங்கள் எல்லாம் இன்னும் முதல் நிலையில்தான் இருக்கின்றன. மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளிகள் (தாங்கக்கூடிய சேதத்தின் அளவு) 7 மட்டுமே. அடுத்த அமர்வில் ஓர்க்குகள் (அரக்க எதிரிகள்) வழிமறிக்கப் போகின்றன. ஆட்டக்காரர் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னால் நான் உருட்டும் பகடை அவரைக் கொன்றுவிடும் போலிருந்தால் எண்ணைக் குறைத்துச் சொல்லிக் காப்பாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். அப்படியானால் பகடை எதற்கு என்கிறார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

வேறொரு சிக்கலும் உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்த ஆட்டக்காரர் வாயில் காவலனிடம் வாதாடியே, பகடை உருட்டாமல் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறார். கூச்ச சுபாவமுள்ளவரோ, தம் பாத்திரத்துக்கு வசீகரம் மிகுதியாக இருந்தும், ஒவ்வொரு முறையும் உருட்ட வேண்டியிருக்கிறது. இவற்றை நடுநிலையாகக் கையாள்வது எப்படி?

பதில் 1:
மாற்றிச் சொல்ல வேண்டாம். 2014 விதிகளின்படி ஓர்க்கின் பெருங்கோடரி, 12 முகப் பகடையில் விழும் எண்ணுடன் 3 சேர்த்துச் சேதம் தருகிறது. உயிர்ப்புள்ளிகள் பூச்சியமான பிறகு மிஞ்சும் சேதம் பாத்திரத்தின் முழு உயிர்ப்புள்ளிகளுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் அங்கேயே மரணம். ஆகவே காயமின்றி நிற்கும் உங்கள் மந்திரவாதியைக் கொல்ல 14 சேதம் போதும். சாதாரண அடி பட்டால் அதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்று, தாக்குவதற்கு உருட்டும் 20 முகப் பகடையில் 20 விழுந்து சேதப் பகடை இரண்டானாலோ மூன்றில் இரண்டுக்கும் சற்று மேல். இதில் பகடையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓர்க்கை முதல் நிலைக் குழுவின் முன் நிறுத்துவது உங்கள் முடிவு.

விதிக்குள்ளேயே வழி இருக்கிறது. கைகலப்புத் தாக்குதலால் எதிரியின் உயிர்ப்புள்ளிகளைப் பூச்சியமாக்குபவர், கொல்லாமல் மயங்கி விழச் செய்யலாம். அந்த ஓர்க்குகள் சிறைபிடிக்க வந்தவை என்று முன்பே முடிவுசெய்து, அவற்றின் இடுப்பில் தொங்கும் கயிற்றையும் விலங்கையும் சண்டை தொடங்குமுன் வர்ணித்துவிடுங்கள். பிறகு எல்லார் கண்முன்னும் உருட்டலாம்.

பதில் 2:
எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. திரைக்குப் பின்னால் உருட்டி, தேவைப்பட்டால் முடிவைத் திருத்தும் வழியை விதிநூலே பேசுகிறது. பாத்திரத்தை உருவாக்குவதற்கே ஒரு மாலையைச் செலவிட்ட புதியவர், முதல் சண்டையிலேயே அதைப் பறிகொடுத்தால் மறுபடி வருவாரா என்பது ஐயமே. ஆனால் மந்திரவாதிக்குக் குறைத்துவிட்டுப் போர்வீரனுக்குக் குறைக்காமல் விட்டால் அது வெறும் சலுகைதான். மூன்றாம் நிலை வரை யாரையும் சாகவிட மாட்டேன், அதற்குப் பிறகு எண்ணில் கைவைக்க மாட்டேன் என்று முன்கூட்டியே நால்வரிடமும் சொல்லிவிடுங்கள்.

பதில் 3:
பகடைச் சண்டை ஓயாத ஒன்று. உங்கள் இரண்டாவது கேள்விதான் உண்மையில் கடினமானது. பேச்சின் அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். காவலனுக்கு முன்னால் என்ன வைக்கப்படுகிறது என்பதை மட்டும் பாருங்கள். "தளபதியின் முத்திரையுள்ள கடிதத்தைக் காட்டி, தாமதித்தால் உன் தலைதான் உருளும் என்கிறாள்" என்று கூச்சக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னாலும் அது வலுவான வாதமே. அவர் இரண்டு பகடைகளை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளட்டும். வெறும் சொல்லலங்காரத்தோடு வருபவர் ஒன்றைத்தான் உருட்ட வேண்டும். இருவரும் உருட்டியே ஆக வேண்டும் என்பது முக்கியம்.

கவனிக்காமலே அநீதி நுழையும் இடம் வேறொன்றும் உண்டு. ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு வாய்ப்புள்ள நால்வர் பதுங்கிச் செல்லும்போது, ஒருவர் தவறினாலும் எல்லாரும் பிடிபடுவார்கள் என்று வைத்தால் தப்பிக்கும் வாய்ப்பு 24 விழுக்காடுதான். பாதிப் பேர் வென்றால் குழுவே வென்றது என்னும் குழுச் சோதனை விதியைக் கையாண்டால் அது ஏறக்குறைய 92 ஆகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
கடிதம் காட்டும் உதாரணம் மிகவும் உதவியது, நன்றி. எல்லாவற்றையும் வெளிப்படையாக உருட்டினால் மர்மம் கெட்டுவிடாதா?

பதில் 1:
சில இடங்களில் கெடும். பொறியைத் தேடும் பகடையில் 3 விழுந்ததைக் கண்ணால் பார்த்த ஆட்டக்காரர், "எதுவும் தென்படவில்லை" என்று நீங்கள் சொன்னால் நம்பமாட்டார். அத்தகைய சோதனைகளை மட்டும் திரைக்குப் பின்னால் நீங்களே உருட்டிக்கொள்ளுங்கள். விழுந்த எண் எதுவோ, அதன்படியே பதில் சொல்லுங்கள். சுவர் ஏறுவது, பள்ளம் தாண்டுவது போன்றவற்றில் பாத்திரமே கண்ணால் கணித்துவிடும் என்பதால், எட்ட வேண்டிய எண் 15 என்றும் தவறினால் என்ன ஆகும் என்றும் உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.