புதுப்பிப்பு: 100 எம்பிபிஎஸ் பிளானில் 11.3 எம்பி வருவது சரிதான்

எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட்) கணக்கை எட்டால் வகுத்தால் நொடிக்கு எத்தனை எம்பி (மெகாபைட்) என்பது கிடைக்கும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அப்படியானால் 12.5 வரவேண்டுமே, டவுன்லோடில் 11.3 தானே காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அந்த இடத்தை நான் விளக்காமல் விட்டுவிட்டேன்.

குறைவது இரண்டு இடங்களில். ஈதர்நெட் கேபிளில் முழு அளவு பாக்கெட் (ஃபைல் துண்டு துண்டாகப் பயணிக்கும் பொட்டலம்) ஒவ்வொன்றும் 1538 பைட் இடம் பிடிக்கும். அதில் உங்கள் ஃபைலுக்கு 1460 பைட் மட்டுமே. மீதியெல்லாம் முகவரி, பிழை சரிபார்ப்பு, பாக்கெட்டுகளுக்கு நடுவிலான இடைவெளி. ஆக உண்மையில் வருவது ஏறத்தாழ 94.9 மெகாபிட், அதாவது 11.87 மெகாபைட். அடுத்து, விண்டோஸ் ஒரு எம்பியை 10,00,000 பைட்டாக எண்ணாது, 10,48,576 பைட்டாக எண்ணும். அந்தக் கணக்கில் 11.87 என்பது 11.3 ஆகிவிடுகிறது. எதுவும் திருடு போகவில்லை!

300 பிளான் போட்டும் ஸ்பீடு டெஸ்ட் 94ஐத் தாண்டவில்லை என்றவர்களுக்கு: அந்த 94 தான் துப்பு. மேலே பார்த்தபடி, 100 எம்பிபிஎஸ் இணைப்பில் வரக்கூடிய உச்சம் ஏறத்தாழ அதுதான். செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கம் போய் லிங்க் ஸ்பீடை (கேபிள் இணைப்பின் வேகம்) பாருங்கள். 100/100 என்று இருந்தால் ரவுட்டர் அல்லது கணினியின் போர்ட்டே 100 வரைதான், இல்லையேல் கேபிளில் ஏதோ ஒரு கம்பி தொடர்பில் இல்லை. கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு முனைகளே போதும். அதனால்தான் நெட் அறுந்துபோகாமல் வேகம் மட்டும் விழுகிறது. முதலில் பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கிரிம்ப் செய்து (கருவியால் அழுத்திப் பொருத்தி) பாருங்கள். கேட் 5இ ரக கேபிளே போதும்.