"எந்த ஊர் உச்சரிப்பு வேண்டும்?": திரையிலும் மேடையிலும் கிழக்காசிய முகங்கள், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நான் மலேசியாவின் ஈப்போவில் வளர்ந்தவள். இப்போது லண்டனில் இருக்கிறேன். என் பள்ளித்தோழி ஒருத்தியும் இங்கேதான் இருக்கிறாள், நாடக நடிகை. மலேசியச் சீனப் பெண். வீட்டில் கான்டனீஸ், பள்ளியில் மலாய், எங்களோடு ஆங்கிலம். வாழை இலைக் கடைக்குப் போனால் "அண்ணே, ரசம்" என்று தமிழிலேயே கேட்டு வாங்குவாள்.

2011-ல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு ஆடிஷன். திருட்டு டிவிடி விற்கும் பெண் வேடம். நான் துணைக்குப் போய் வெளியே உட்கார்ந்திருந்தேன். வசனத்தைச் சொல்லி முடித்ததும், "நன்றாக இருக்கிறது, அந்த உச்சரிப்போடு ஒருமுறை பேசுங்களேன்" என்றார்களாம். "எந்த ஊர் உச்சரிப்பு? ஈப்போவா, ஹாங்காங்கா, பெய்ஜிங்கா?" என்று இவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறாள். "அதுதான், சீன உச்சரிப்பு" என்று பதில் வந்தது. வேடம் கிடைத்தது. வாடகை கட்ட வேண்டியிருந்ததால் நடித்தாள். ஒளிபரப்பான பிறகு ஈப்போவிலிருந்து அவள் அம்மா போன் செய்து, "உனக்கு என்னம்மா ஆச்சு, ஏன் அப்படிப் பேசினே?" என்று கேட்டிருக்கிறார். அதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

அடுத்த வருஷம் பிரிட்டனின் பெரிய நாடகக் குழுவான ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 'தி ஆர்ஃபன் ஆஃப் ஜாவ்' நாடகத்தைப் போட்டது. சீனத்தின் ஹாம்லெட் என்று சொல்லப்படும் பழைய நாடகம் அது. 17 நடிகர்களில் கிழக்காசிய வம்சாவளியினர் மூன்றே பேர். அவர்களுக்குக் கிடைத்தவை நாயும் பணிப்பெண்ணும். சீன நாடகத்திலேயே சீன முகத்துக்கு நாய் வேடம்தான் என்றால் வேறு எதில் இடம் கிடைக்கும்? பிரிட்டனில் இருந்த கிழக்காசியக் கலைஞர்கள் ஒன்றுகூடிப் பகிரங்கமாகவே கேள்வி கேட்டார்கள். அந்த வாரம் முழுக்க என் தோழி போனும் கையுமாகவே இருந்தாள்.

சரியாகப் பத்து வருஷம் கழித்து, 2022-ல், அதே கம்பெனி ஜப்பானிய அனிமேஷன் படமான 'மை நெய்பர் டோட்டோரோ'வை லண்டன் பார்பிகன் அரங்கில் நாடகமாக மேடையேற்றியது. தோழியும் அவள் மகளும் நானும் போனோம். மேடை நிறையக் கிழக்கு, தென்கிழக்கு ஆசிய வம்சாவளி நடிகர்கள். அப்பா, அக்கா, தங்கை, பக்கத்து வீட்டுப் பாட்டி, பொம்மைகளை இயக்குகிறவர்கள், எல்லாருமே. மகள், டோட்டோரோ என்ற அந்தப் பெரிய காட்டுப் பூதத்தின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருமே அந்த உச்சரிப்புப் போடலைடி" என்றாள். அடுத்த வருஷம் அந்த நாடகத்துக்கு, பிரிட்டனின் பெரிய நாடக விருதுகளான ஆலிவியர் விருதுகள் ஆறு கிடைத்தன. எனக்கு நினைவில் நிற்பது அவள் சொன்ன அந்த ஒரு வரிதான்.

*சிங்கப்பூரிலிருந்து ஒருவர்:*

அக்கா, என் அனுபவம் கொஞ்சம் வேறு. 2018-ல் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்துக்கு எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியோடு போனேன். ஹாலிவுட் படத்தில் முக்கிய வேடங்கள் முழுக்க ஆசிய முகங்கள், அதுவும் நம் ஊரில் நடக்கும் கதை. ஆன்ட்டிக்குத் தாங்க முடியாத சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் எனக்கு நினைவில் நின்ற இந்திய முகங்கள், மாளிகை வாசலில் துப்பாக்கியோடு நின்ற சீக்கியக் காவலர்கள் மட்டுமே. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊர் இது. மலாய்க்காரர்களையும் தேட வேண்டியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் இதை ஆன்ட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தவர், "நான் கவனிக்கவே இல்லைம்மா" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. படத்தை நான் வெறுக்கவில்லை. அதில் எங்களுக்கும் இடம் இருந்திருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

*கிழக்கு லண்டனிலிருந்து இன்னொருவர்:*

நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஹாக்னி பக்கம் வியட்நாமியக் குடும்பங்கள் அதிகம். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வந்து, வியட்நாம் பெயர் உள்ள பிள்ளை வருகிற கதை வேண்டும் என்றான். தேடியதில் ஒன்று போர், ஒன்று படகில் தப்பி வருவது, ஒன்று புத்தாண்டு. மூன்றையும் புரட்டிவிட்டு, "இவங்க யாரும் ஃபுட்பால் விளையாட மாட்டாங்களா?" என்று கேட்டான். அவனுக்குக் கொடுக்க அன்று என்னிடம் எதுவும் இல்லை. புத்தகம் வாங்கும் பட்டியல் போடும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

*முதலில் எழுதியவர்:*

எல்லாவற்றையும் தோழிக்கு வாசித்துக் காட்டினேன். ஃபுட்பால் பையனைப் பற்றி இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் ஒரு செய்தி. போன வாரம் அவளை மருத்துவர் வேடம் ஒன்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மின்னஞ்சலில் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கடைசி வரி வரைக்கும் தேடிப் பார்த்துவிட்டாள்.