இன்கீ$ உங்களைக் கவிழ்த்த கதை: ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்

நாற்பதாம்வரி எழுதியது:

இன்கீ$ என்றால், எந்த விசை அழுத்தப்பட்டது என்று நிரலுக்குச் சொல்லும் பேசிக் ஆணை. என்னுடையது ஜிடபிள்யூ-பேசிக்கில் (ஐபிஎம் வகைக் கணினியின் பழைய நிரல்மொழி) எல்லோரும் எழுதிய அதே விண்கல விளையாட்டுதான். ஏ அழுத்தினால் இடது, டி அழுத்தினால் வலது, ஸ்பேஸ் தட்டினால் சுட வேண்டும். இடது பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடியது. வலது பத்துக்கு ஒரு தடவை. சுடுவது அதைவிட அபூர்வம்.

நான் என்ன முடிவுக்கு வந்திருப்பேன்? கீபோர்டில் அழுக்கு. கவிழ்த்துத் தட்டினேன், ஊதினேன். கடைசியில் விசை மூடிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, பஞ்சால் அடிப்பக்கம் முழுக்கத் துடைத்தேன். ஒரு முழு நாள் போனது. திரும்ப மாட்டி ஓட்டினால் அதே கதை.

எரிச்சலில் நிரலையாவது ஒழுங்குபடுத்தலாம் என்று உட்கார்ந்தேன். வலதுக்கான வரியை மேலே ஏற்றி, இடதுக்கானதைக் கீழே இறக்கினேன். காரணம் எதுவும் இல்லை, கை சும்மா இருக்கவில்லை. ஓட்டினேன். டி பிரமாதமாக வேலை செய்கிறது, ஏ செத்துப் போய்விட்டது! திரையையும் கீபோர்டையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஒரு விசையின் அழுக்கு இன்னொரு விசைக்கு எப்படி நடந்து போகும்?

உங்களுக்குத் தெரிந்ததுதான். விசையைச் சோதிக்கும் மூன்று இஃப் வரிகளிலும் நேராக இன்கீ$ என்றே எழுதியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அது, அழுத்திய விசைகள் காத்திருக்கும் வரிசையிலிருந்து ஓர் எழுத்தை எடுத்து விழுங்கிவிடும். திரையில் படம் வரையும் நேரத்தில் டி அழுத்தினால், முதல் வரி அதை எடுத்துப் பார்த்து, ‘ஏ இல்லையே’ என்று கீழே போட்டுவிடும். இரண்டாம் வரிக்கு மிச்சம் எதுவும் இல்லை. திரும்பத் திரும்ப ஓடும் லூப்பின் தலையில் கே$ = இன்கீ$ என்று கே$ மாறியில் ஒரே தடவை வாங்கி வைத்து, பிறகு கே$-ஐ மட்டும் சோதித்திருந்தால் முடிந்தது.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

பச்சைவிளக்கு எழுதியது:

என்னுடையது க்யூபேசிக், இன்னொரு பேசிக். எஸ்கேப் அழுத்தினால் எங்கிருந்தாலும் மெனுவுக்குத் திரும்ப வேண்டும் என்று கீ 15-இல் சிஎச்ஆர்$(0)+சிஎச்ஆர்$(1) கொடுத்து, அந்த விசை வந்ததும் துணைநிரலுக்குத் தாவும் ஆன் கீ(15) கோசப் ஆணையைப் போட்டிருந்தேன். வீட்டில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தது. ஒரு பிழை இல்லை.

இன்னோர் இடத்தில் பத்துப் பேர் முன்னால் காட்டப் போனேன். எஸ்கேப் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன், அப்புறம் கொஞ்சம் ஓங்கி. பின்னால் யாரோ இருமினார்கள். கன்ட்ரோல் பிரேக் போட்டு வெளியே வந்து, ‘இந்த இயந்திரம் சரியில்லை’ என்று ஒரு பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கீபோர்டின் மூலையில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நம்லாக். என் இயந்திரத்தில் அது அணைந்தே இருக்கும், அங்கே இயக்கியதுமே எரியும். கீ 15-இல் கொடுக்கும் முதல் எண், ஷிப்ட் வகை விசைகளின் நிலை. 0 என்று கொடுத்தால் ‘எதுவும் எரியாதபோது மட்டும்’ என்று பொருள். நம்லாக் இருந்தால் 32, கேப்ஸ்லாக் இருந்தால் 64, இரண்டும் இருந்தால் 96. கீ 15 முதல் 18 வரை நான்கையும் இந்த நான்கு நிலைகளுக்குப் போட்டு வைத்தால்தான் ஒரே ஓர் எஸ்கேப் ஒழுங்காகப் பிடிபடும்.

இன்றைக்கும் புதுக் கீபோர்டு எதைப் பார்த்தாலும் முதலில் மூலைக்குத்தான் கண் போகிறது.

கேசட்காலம் எழுதியது:

கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி. முகவரிப் பட்டியல். நிரல் என்னுடையது, தட்டச்சு செய்தது வேறொருவர். பொறுமையான மனிதர், இரண்டு மாலைகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினார். மூன்றாம் நாள் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ஒருவருக்கும் தெருப் பெயர் இல்லை. கதவு எண் மட்டும் இருக்கிறது. 14. 7. 22. பக்கம் பக்கமாக வெறும் எண்கள்.

காற்புள்ளி. ‘14, இன்ன தெரு’ என்று மனிதர் முறையாக எழுதியிருக்கிறார். தட்டச்சு செய்வதை வாங்கும் இன்புட் ஆணை காற்புள்ளியோடு நின்றுவிட்டு, மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, ‘எக்ஸ்ட்ரா இக்னோர்ட்’ (மிச்சத்தை விட்டுவிட்டேன்) என்று சொல்லியும் இருக்கிறது. ஆனால் அடுத்த வரியிலேயே நான் திரையைத் துடைக்கும் ஆணையைப் போட்டிருந்தேன். அந்த எச்சரிக்கையை யாரும் படித்ததே இல்லை.

அது போதாதென்று இன்னொன்று. அந்த இயந்திரத்தில் இன்புட்டுக்கு ஒன்றும் எழுதாமல் ரிட்டர்ன் தட்டினால், மாறியில் ஏற்கெனவே இருந்ததே இருக்கும். தொலைபேசி இல்லாதவர்களுக்கு எல்லாம் அதற்கு முந்தைய ஆளின் தொலைபேசி எண் போய் உட்கார்ந்திருந்தது.

அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ‘பரவாயில்லை தம்பி’ என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கோட்டூபிரியன் எழுதியது:

நாற்பதாம்வரி சாருக்கு: அது இன்கீ$ கவிழ்த்த கதை இல்லை, நீங்களே கவிழ்ந்த கதை. கையேட்டில் தெளிவாகவே போட்டிருந்தது.

என் அனுபவம் சின்னது. எழுத்தின் எண்ணைத் தரும் ஏஎஸ்சி-யை வைத்து ஏஎஸ்சி(இன்கீ$) என்று எழுதினேன், விசை எதுவும் அழுத்தாத கணத்தில் வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாதது) வந்து ‘இல்லீகல் ஃபங்ஷன் கால்’ என்ற பிழையோடு விழுந்தது. ஓட்டிய அரை நொடியிலேயே. அவ்வளவுதான்.

ஆனால் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். இன்புட் என்ற ஆணையையே தொடக்கூடாது. எண் கேட்கும் இடத்தில் எழுத்தை அடித்தால் ‘ரீடூ ஃப்ரம் ஸ்டார்ட்’ (முதலிலிருந்து மறுபடி) என்று உங்கள் அழகான திரையின் நடுவில் எழுதும். காற்புள்ளியில் வெட்டும். எனவே நீங்களே ஒரு துணைநிரல் எழுதிக்கொள்ளுங்கள். இன்கீ$-இல் ஓர் எழுத்து வாங்குங்கள். வெற்றாக இருந்தால் மறுபடி வாங்குங்கள். நீளம் 2 என்றால் அது அம்பு விசையோ எஃப் விசையோ. முதல் எழுத்து சிஎச்ஆர்$(0), அதாவது எண் 0 உள்ள எழுத்து, இரண்டாவதன் எண்ணைப் பாருங்கள்: மேல் 72, கீழ் 80, இடது 75, வலது 77, எஃப்1 என்றால் 59. நீளம் 1 என்றால் 13-ஆ என்று பாருங்கள், அது என்டர், முடித்துவிடலாம். 8 என்றால் பேக்ஸ்பேஸ். சரத்தில் ஏதாவது இருந்தால் மட்டும் கடைசி எழுத்தை வெட்டுங்கள், இல்லாவிட்டால் சரத்தின் இடப்பக்கத்தை எடுத்துத் தரும் லெஃப்ட்$-க்கு மைனஸ் ஒன்று போய் நிரல் விழும். 32-க்குக் கீழே உள்ள மற்றவற்றைத் தள்ளிவிடுங்கள். நீள வரம்பைத் தாண்டினால் ஒரு பீப். ஆம், இல்லை கேட்கும் இடத்தில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து இரண்டையும் ஏற்க வேண்டும். ஜிடபிள்யூ-பேசிக்கில் பெரிய எழுத்தாக்கும் யூகேஸ்$ கிடையாது, எழுத்தின் எண்ணை 223-உடன் ஆண்ட் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) செய்தால் சிறியது பெரியதாகிவிடும். இவ்வளவும் இருபது வரிக்குள் அடங்கும். ஒரு முறை எழுதினால் எல்லா நிரலிலும் ஒட்டிக்கொள்ளலாம்.

விளையாட்டு என்றால் இன்கீ$-ஏ வேண்டாம். கீபோர்டின் போர்ட்டை நேராகப் படிக்கும் ஐஎன்பி(96) போதும். அழுத்தினால் ஸ்கேன் கோடு, அதாவது அந்த விசையின் எண், விட்டால் அதோடு 128 கூட்டி வரும். ஒன்றுக்கு மேற்பட்ட விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் தெரியும்.

கேசட்காலம் சார், நீங்கள் வரியை முழுதாக வாங்கும் லைன் இன்புட் போட்டிருந்தால் காற்புள்ளிச் சிக்கலே வந்திருக்காது.

கேசட்காலம் எழுதியது:

கொமடோர் 64-இன் பேசிக்கில் லைன் இன்புட் கிடையாது ஐயா. இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டேனா?

அங்கே வேறு வழி இருந்தது, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்புட்டுக்கு முன்னால் போக் 631,34 : போக் 198,1. போக் என்றால் நினைவகத்தின் ஓர் இடத்தில் ஓர் எண்ணை நேராக எழுதுவது. விசை வரிசையின் முதல் இடத்தில் இரட்டை மேற்கோளை நாமே போட்டு, ‘ஓர் எழுத்து காத்திருக்கிறது’ என்று இயந்திரத்தை நம்ப வைப்பது. மேற்கோளுக்குப் பின் வரும் காற்புள்ளியை இன்புட் வெட்டாது. அந்த மனிதரின் இரண்டு மாலைகளை இரண்டு போக் காப்பாற்றியிருக்கும்.

ரப்பர்விசை எழுதியது:

கோட்டூபிரியன் அண்ணே, உங்கள் 96 ஐபிஎம் வகை இயந்திரத்தின் கதை. உலகம் அதோடு முடியவில்லை.

ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியில் இன்கீ$ வரிசை எதையும் வைத்துக்கொள்வதில்லை. கேட்கும் அந்தக் கணத்தில் எந்த விசை கீழே இருக்கிறதோ அதைச் சொல்லும். அதனால் நாற்பதாம்வரி எழுதிய அதே மூன்று வரி எங்களிடம் ஓடியிருக்கும்! ஆனால் எங்களுக்கு வேறு குழி. ஒரே நேரத்தில் இரண்டு சாதாரண விசைகள் கீழே இருந்தால் இன்கீ$ வெற்றுச் சரம் கொடுக்கும்.

நானும் தம்பியும் மட்டையால் பந்து தட்டும் விளையாட்டு. எனக்கு க்யூவும் ஏவும், அவனுக்கு பியும் என்டரும். நான் ஜெயிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் என் மட்டை உறைந்து நின்றது. அவன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பந்து அவன் பக்கத்திலேயே இல்லை, ஆனால் அவன் விரல் பி மேல் சாய்ந்திருந்தது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எவ்வளவு நாளாக அவனுக்கு இது தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சிரிக்கிறான்.

அப்புறம் விசைகளை நேராகப் படிக்கும் ஐஎன் ஆணைக்கு மாறினேன். அதில் கீபோர்டு எட்டு அரை வரிசைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து விசைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். க்யூ இருக்கும் வரிசை 64510, ஏ 65022, பி 57342, என்டர் 49150. முதலில் ‘254 வந்தால் அழுத்தியிருக்கிறது’ என்று எழுதினேன். நண்பன் வீட்டு ஸ்பெக்ட்ரமில் அது 190 என்று வந்தது. பலகையின் பதிப்பு மாறினால் அந்த எண்ணும் மாறும். அந்த பேசிக்கின் ஆண்ட் பிட் கணக்கும் போடாது. கடைசியில் பார்த்தால், நான்கு விசைகளும் அவரவர் வரிசையின் ஓரத்தில், கடைசி பிட்டில் உட்கார்ந்திருக்கின்றன. எண் இரட்டைப்படை என்றால் அழுத்தியிருக்கிறது, ஒற்றைப்படை என்றால் இல்லை. இதைக் கண்டுபிடித்த அன்று தம்பியை 15-க்கு 2 என்று தோற்கடித்தேன்.

பதினைந்துஎழுத்து எழுதியது:

என் பெயரிலேயே கதை இருக்கிறது.

பதிவேட்டு நிரல். மெதுவான இயந்திரம். ‘அடுத்த பக்கம் காட்டவா’ என்று கேட்கும், ஒய் தட்ட வேண்டும். வட்டு சுழன்று பக்கம் வருவதற்குள் பொறுமை போய்விடும். நான் ஒய்-ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அரை நொடி கழித்து விசை தானாகவே திரும்பத் திரும்ப அடிக்கத் தொடங்கும், நொடிக்குப் பத்து வீதம். வரிசையில் 15 எழுத்து நிற்கலாம், அதற்கு மேல் போனால் பீப் சத்தம். நான் பீப் கேட்கும்வரை பிடித்திருந்தேன்.

பக்கங்கள் ஓடின. முடிந்தன. அடுத்த கேள்வி: ‘பழைய பதிவுகளை அழிக்கவா?’

அந்தக் கேள்வியும் அதன் பக்கத்தில் ஒய் என்ற எழுத்தும் திரையில் ஒன்றாகவே தோன்றின. என் கை அப்போது கீபோர்டிலேயே இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வட்டின் சிவப்பு விளக்கு எரிந்தது, கரகரவென்று சத்தம் கேட்டது, அணைந்தது.

பிறகு ஒவ்வோர் ஆபத்தான கேள்விக்கு முன்னாலும் டெஃப் செக் = 0 : போக் 1050, பீக்(1052) எழுதிவிடுவேன் (பீக் என்றால் நினைவகத்தைப் படிப்பது). வரிசையின் தலையையும் வாலையும் ஒன்றாக்கினால் வரிசை காலி.

கோட்டூபிரியன் எழுதியது:

போக் வேண்டாம். டூ : லூப் வைல் இன்கீ$ <> "" என்று ஒரு வரி போட்டால் வரிசையில் உள்ளதை எல்லாம் அதுவே குடித்துவிடும். நினைவக எண் எதையும் தொட வேண்டியதில்லை. அதுதான் முறையான வழி.

பதினைந்துஎழுத்து எழுதியது:

ஜிடபிள்யூ-பேசிக்கில் டூ லூப் ஏது? வைல் வெண்ட் என்ற வேறு சுழல் ஆணையை வைத்து எழுதலாம், சரி. ஆனால் யாராவது விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால், ஒரு பக்கம் நீங்கள் இறைக்க இன்னொரு பக்கம் ஊறிக்கொண்டே இருக்கும். உங்கள் கிணறு வறண்ட மறு கணமே அடுத்த ஒய் வந்து விழும். என் போக்குக்கும் அதே கதிதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால் அழிக்கும் கேள்விக்கு மட்டும் ஒய்-ஐ ஏற்பதையே நிறுத்திவிட்டேன். ‘அழி’ என்ற சொல்லை முழுதாக எழுதி என்டர் தட்ட வேண்டும்.

இன்னொன்று, உங்கள் ஐஎன்பி(96) பற்றி. அது கீபோர்டின் போர்ட்டை எட்டிப் பார்க்கிறதே தவிர வரிசையிலிருந்து எதையும் எடுப்பதில்லை. பின்னால் வரிசை நிரம்பிக்கொண்டேதான் இருக்கும், சிறிது நேரத்தில் விளையாட்டு முழுக்க பீப் சத்தம். இன்கீ$-ஐயும் கூடவே சும்மா கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். லூப் மெதுவாக இருந்தால் விசையை விட்ட செய்தியே தவறிப்போய் விண்கலம் சுவரில் போய் முட்டும். நீங்கள் அதை எழுதி ஓட்டிப் பார்த்தீர்களா, படித்தீர்களா?

கோட்டூபிரியன் எழுதியது:

பீப் வந்தது உண்மைதான். ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றிவிட்டேன்.

பச்சைவிளக்கு எழுதியது:

ஹா ஹா. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் நீங்கள்.

நாற்பதாம்வரி சார், கேட்க மறந்தேன். கழற்றிய விசை மூடிகளை எல்லாம் சரியாக மாட்டினீர்களா?

நாற்பதாம்வரி எழுதியது:

எம் (M), என் (N) இரண்டின் மூடிகளும் இடம் மாறிவிட்டன. பார்க்காமல் அடிப்பவன் என்பதால் எனக்கே நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் வீட்டில் இன்னொருவர் அந்தக் கீபோர்டைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு பழகியிருந்தார். அவருக்காக அப்படியே விட்டுவிட்டேன்.