குழாய் ஒழுகினால் எந்தக் கடைக்குப் போவது?

உறையூரில் எங்கள் சமையலறைக் குழாய் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. புறவழிச்சாலையில் உள்ள பெரிய அங்காடியில் கேட்டேன். சீருடை அணிந்த தம்பி மரியாதையாக அழைத்துப்போய், புதுக் குழாய்கள் தொங்கும் வரிசையைக் காட்டினார். உள்ளே இருக்கும் ஸ்பிண்டில், அதாவது கைப்பிடியோடு சுழன்று தண்ணீரைத் திறந்து மூடும் தண்டு மட்டும் போதும் என்றேன். "அது தனியாக வருவதில்லை, மேடம்" என்று முடித்துவிட்டார்.

தெருமுனை ஹார்டுவேர் கடைப் பெரியவர் எதையும் எடுத்துக் காட்டவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்: "பல சுற்று சுற்றித் திறக்கிற குழாயா, பாதிச் சுற்றில் திறந்துவிடுமா?" பல சுற்று என்றால் பெரும்பாலும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும், சில ரூபாயில் முடிந்துவிடும். பாதிச் சுற்று என்றால் உள்ளே பீங்கான் தகடு வைத்த ஸ்பிண்டில், அதை முழுதாக மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது இரண்டாவது வகை. "மேலே வால்வை அடைத்துவிட்டுப் பழையதைக் கழற்றிக் கொண்டு வாம்மா. ஸ்பிண்டில் தலையில் உள்ள பல் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் கைப்பிடி உட்காராது" என்றார். கொண்டுபோனதும் தகர டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, சரியானதை எடுத்துக் கொடுத்தார். நல்ல குழாய் ஒன்று குப்பைக்குப் போகாமல் தப்பியது.

வெந்நீர்க் குழாய்க்கு எல்போ (குழாய் வளையும் இடத்தில் போடும் இணைப்பு) வாங்கியபோதும் இதே கதைதான். அங்காடியில் யு.பி.வி.சி., சி.பி.வி.சி. என்ற இரண்டு வகைப் பிளாஸ்டிக் எல்போக்களும் ஒரே தட்டில் கலந்து கிடந்தன. "இரண்டும் ஒன்றுதான்" என்றார் விற்பனையாளர். ஒன்றல்ல. யு.பி.வி.சி. ஏறக்குறைய 60 டிகிரி வரைதான் தாங்கும். கீசரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாய்க்கு 90 டிகிரியைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும் சி.பி.வி.சி. வேண்டும். ஒட்டும் பசையும் வேறு. அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. போன மாதம்தான் அவரைப் பாத்திரப் பிரிவில் பார்த்தேன். இப்படிப் பிரிவு மாற்றிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் எதுவும் பிடிபடும்?

ஆனால் பெரியவரிடம் நான் வாங்க மறுத்த பொருளும் உண்டு. மாடி அறைக்கு ஒயர் கேட்டபோது ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத சுருளைப் பிரித்தார். "நல்ல சரக்கு, நான் பொறுப்பு" என்றார். வீட்டு ஒயருக்கு அந்த முத்திரை சட்டப்படி கட்டாயம். தரமற்ற ஒயர் சுவருக்குள் சூடேறினால் வீடே பற்றிக்கொள்ளும், அப்போது அவர் பொறுப்பேற்று என்ன பயன்? அன்று அங்காடியில்தான் வாங்கினேன், ரசீதோடு. காரணத்தை அவரிடம் நேரிலேயே சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஆனாலும் அடுத்த முறை போனபோது முத்திரையிட்ட சுருள்கள் வந்திருந்தன, கேட்காமலே ரசீதும் எழுதிக் கொடுத்தார். இப்போது ஒயரும் அவரிடம்தான் வாங்குகிறேன்.

மிக்ஸிக்கு ஜார் கப்ளர் மட்டும், குக்கருக்கு வெயிட் வால்வு மட்டும் என்று தனித்தனியாகக் கொடுக்கும் கடைகள் உங்கள் ஊரில் எந்தத் தெருவில் இருக்கின்றன? எழுதுங்கள், பக்கத்தில் இருப்பவர்களுக்கு உதவும்.