சுறா மனிதரைத் தேடி வருமா?

கேள்வி (காட்பாடி): கடலில்லாத எங்கள் ஊரில் சுறா என்றால் மீன் அங்காடியில் கிடக்கும் துண்டும் பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கும் புட்டும்தான், ஆயினும் ஒரு துளி இரத்தத்தை வெகுதொலைவிலேயே மோந்து அது மனிதரைத் தின்ன வரும் என்று என் மகன் அஞ்சுகிறான். உண்மையா?

மறுமொழி (குடியாத்தம்): இல்லை. மோப்பம் கூர்மையானதே, ஆனால் மணம் நீரோட்டத்தோடு வந்து சேர்ந்தால்தான் அதற்குத் தெரியும். 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்களில் மனித உயிரைப் பறித்தவை மிகச் சிலவே. எல்லாவற்றிலும் பெரிதான திமிங்கலச் சுறா, மிதவை உயிரிகளையும் சிறுமீன்களையும் வடிகட்டி உண்கிறது; 2001 முதல் இந்தியாவில் அதைப் பிடிப்பது குற்றம்.

மறுமொழி (ஆற்காடு): அதற்காக அதைச் செல்லப் பிராணிபோலக் காட்டும் காணொளிகளையும் நான் ஏற்பதில்லை. சவ்வாது மலையில் கரடியைக் கண்டால் ஒதுங்குகிறோமே, அந்த மரியாதை சுறாவுக்கும் உரியது. தொடுவதும் இரை காட்டி அழைப்பதும் கூடாது.

கேட்டவர்: நன்றி. மெரினாவில் கால் நனைக்க மகன் ஒப்புக்கொண்டான். புட்டு மட்டும் இனி வேண்டாமாம்.