புராஃபெட் 08 ஸ்டேக்: பேட் ஒலி மற்ற லேயரை மூடிவிடுகிறது, எப்படிச் சமன் செய்வது?

கறுப்புக்கட்டை

எல்லோருக்கும் வணக்கம். புராஃபெட் 08 சிந்தசைசரில் ஸ்டேக் போட்டு, அதாவது ஒரே கட்டையில் ஏ, பி என்ற இரண்டு லேயர்களின் ஒலிகளைச் சேர்த்து வாசிக்கிறேன். ஏ லேயரில் மெதுவாக எழுந்து பின்னணியில் நீளும் ஒரு பேட். இரண்டு சா (ரம்பப்பல் வடிவ) அலைகள், லேசான டீட்யூன் (சுருதி விலக்கம்), மேல் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர் நன்றாகத் திறந்திருக்கிறது. பி லேயரில் எலக்ட்ரிக் பியானோ மாதிரி சட்டென்று எழுந்து அடங்கும் ஒலி. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே பிடித்திருக்கிறது. சேர்த்து வாசித்தால் பி-யின் முதல் தட்டு மட்டும் கேட்கிறது, அதன்பின் பேட் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. மென்மையாக வாசித்தால் பி இருப்பதே தெரியவில்லை. ஓங்கி அடித்தால் காதைக் குத்துகிறது.

பி-க்கு விசிஏ (ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பகுதி) லெவலை ஏற்றிப் பார்த்தேன். கையை எடுத்த பிறகும் ஒலி நிற்காமல் இழுக்கிறது. லேயர்களின் வால்யூமைச் சமன் செய்ய எந்த நாபைத் தொட வேண்டும்? ஹெட்போனில் சரியாக வைத்தால் ஸ்பீக்கரில் மாறிவிடுகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

அலைவடிவம்

விசிஏ லெவல் என்பது வால்யூம் அல்ல. என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் விதத்தை அமைப்பது) வேலை செய்யாத நேரத்திலும் விசிஏ எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது, அதனால்தான் ஒலி நிற்கவில்லை. ட்ரோன் (தம்பூரா போல் நிற்காமல் ஒலிப்பது) போட உதவும். இப்போது அதைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது வாய்ஸ் வால்யூம். எடிட் பி-யை அழுத்திவிட்டு மாற்றினால் பி லேயருக்கு மட்டும் மாறும். இரண்டு லேயருக்கும் தனித்தனி மதிப்பு உண்டு, சேவ் செய்தால் புரோகிராமோடு பதிந்துவிடும்.

மந்தரஸ்தாயி

அலைவடிவம் சொன்னதை முதலில் செய்யுங்கள் தம்பி. ஆனால் அதோடு நிறுத்தினால் நாளைக்கும் இதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருப்பீர்கள். மென்மையாக வாசித்தால் பி இல்லை, ஓங்கினால் குத்துகிறது என்கிறீர்களே, அது வெலாசிட்டியின், அதாவது கட்டையை அடிக்கும் வேகத்தின் வேலை. பி-யின் ஆம்ப் வெலாசிட்டி (அந்த வேகம் ஒலியளவை எவ்வளவு மாற்றும் என்பது) அதிகமாகவும் ஏ-யில் சுத்தமாக இல்லாமலும் இருக்கும், பாருங்கள். விரல் அடிக்கும் வேகத்துக்கு ஏற்ப இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மாறிக்கொண்டே இருந்தால், வால்யூமை எங்கே வைத்தாலும் சமன் நிற்காது. பி-யில் வெலாசிட்டியைக் குறைத்து, குறைந்த அளவை என்வலப் அமவுண்ட்டால் ஈடுகட்டுங்கள். ஏ-க்கும் கொஞ்சம் வெலாசிட்டி கொடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்க வேண்டும்.

அடுத்தது ஃபில்டர். பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சா அலையில் எல்லா ஹார்மோனிக்குகளும் உண்டு. அதை இரண்டாகப் போட்டு ஃபில்டரையும் திறந்து வைத்தால், அடியிலிருந்து உச்சிவரை இடம் முழுவதையும் பேட் எடுத்துக்கொள்ளும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. உங்கள் பியானோ ஒலியின் தட்டு தெளிவதும் அங்கேதான். ஆகவே இரண்டு வால்யூமையும் தொடாமல், ஒரே கார்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு, ஏ-யின் கட்ஆஃபை (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடத்தை) மட்டும் மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் பி தானாகவே முன்னால் வந்துவிடும். ஃபில்டரின் 4-போல் அமைப்பில் ஆக்டேவுக்கு 24 டெசிபெல் சரியும், 2-போல் அமைப்பில் 12. பேட்டுக்கு 4-போல் போட்டுப் பாருங்கள். மூடிய பேட்டைத் தனியாகக் கேட்டால் மங்கலாக, உயிரில்லாததுபோல் இருக்கும். பரவாயில்லை. லேயரில் ஓர் ஒலியைத் தனியாகக் கேட்டு முடிவு செய்யவே கூடாது, இதை நான் மிக அழுத்திச் சொல்வேன்.

என்வலப்பையும் கவனியுங்கள். பி அடங்கத் தொடங்கும் அதே நேரத்தில் ஏ எழுகிறது. இந்தக் கருவியின் என்வலப்பில் அட்டாக்குக்கு (ஒலி எழும் கட்டத்துக்கு) முன்னால் டிலே என்று ஒன்று இருக்கிறது. ஏ-யில் அதைக் கொஞ்சம் கூட்டுங்கள், பி-யின் டிகேயை (ஒலி அடங்கும் நேரத்தை) கொஞ்சம் நீட்டுங்கள். பி பேசி முடிக்கும்வரை பேட் காத்திருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகு வாய்ஸ் வால்யூமுக்குப் போங்கள். சத்தம் குறைந்ததை ஏற்றாதீர்கள், கூடியதைத் தணியுங்கள். ஒரே அளவுள்ள, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஒலிகள் சேர்ந்தால் சுமார் 3 டெசிபெல் கூடும். தனி புரோகிராமிலிருந்து ஸ்டேக்குக்கு மாறும்போது திடீரென்று சத்தம் எழும்புவது அதனால்தான்.

ஹெட்போன் விஷயம்: ஏ-யில் பான் ஸ்ப்ரெட் (ஒலியை இடம் வலமாக விரிப்பது) அதிகமாக இருக்கிறதா? ஹெட்போனில் பேட் இரண்டு பக்கமும் விரிந்து, நடுவை பி-க்கு விட்டுவிடும். மோனோ ஸ்பீக்கரில் எல்லாம் ஒன்றாக மடிந்துவிடும். சமன் செய்யும்போது ஸ்ப்ரெட்டைப் பூஜ்யத்தில் வைத்துச் செய்துவிட்டு, பிறகு விரியுங்கள். இன்னொன்று, சத்தம் குறைவாக இருக்கும்போது காது கீழ் ஸ்தாயியை இன்னும் குறைவாகக் கேட்கும். 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டது இதைத்தான். எந்தச் சத்தத்தில் வாசிக்கப்போகிறீர்களோ அந்தச் சத்தத்திலேயே உட்கார்ந்து சரி செய்யுங்கள்.

கறுப்புக்கட்டை

மிக்க நன்றி அண்ணா. கட்ஆஃபை இறக்கியதுமே வித்தியாசம் தெரிந்தது, பி-யின் வால்யூமை ஏற்றவே தேவைப்படவில்லை. வெலாசிட்டியும் இப்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறது. ஆனால் நடுக் கட்டைகளில் சரியாக இருப்பது மேல் ஆக்டேவில் தவறுகிறது. அங்கே பி கீச்சென்று தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது, பேட் பின்னால் போய்விடுகிறது. இன்னொரு சந்தேகம்: இடது கையில் கார்டைப் பிடித்துக்கொண்டு வலது கையில் மெட்டு வாசிக்கும்போது பேட் நடுநடுவே இளைக்கிறது.

மந்தரஸ்தாயி

மேல் ஆக்டேவில் நடப்பது கீபோர்டு ட்ராக்கிங். ஃபில்டரின் கீ அமவுண்ட் 64-இல் இருந்தால் ஒவ்வொரு கட்டைக்கும் கட்ஆஃப் அரை ஸ்வரம் ஏறும். பி-யில் 64-க்கு மேலும் ஏ-யில் மிகக் குறைவாகவும் இருந்தால், மேலே போகப் போக பி பிரகாசமாகும், பேட் மூடிக்கொள்ளும். பி-யை 30 பக்கம் இறக்கி, ஏ-யை ஏறக்குறைய அதே அளவுக்கு ஏற்றுங்கள். பிறகு கீழ்க்கோடி, நடு, மேல்கோடி என்று மூன்று இடத்திலும் ஒரே மெட்டை வாசித்துப் பாருங்கள்.

கையால் சுழற்றும் மோட் வீலையும் வீணாக்காதீர்கள். ஒவ்வொரு லேயருக்கும் அதற்கான அமைப்பு தனி. ஏ-யில் வீலை ஃபில்டருக்குக் கொடுத்து அளவை மைனஸில் வையுங்கள், பி-யில் பூஜ்யம். வீலைத் தள்ளினால் பேட் பின்வாங்கும், இழுத்தால் திரும்ப வரும். பாட்டுக்குப் பாட்டு சமன் மாறத்தான் செய்யும், அது கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது எவ்வளவு வசதி என்று வாசிக்கும்போது தெரியும்.

ஸ்டேக்பிரியன்

பேட் இளைப்பதற்குக் காரணம் வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்) தீர்ந்துபோவது. மொத்தம் 8 வாய்ஸ், ஸ்டேக்கில் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு செலவாகும், ஆக 4 ஸ்வரம்தான். இடது கையில் நான்கு விரல் வைத்துவிட்டு மெட்டைத் தொட்டால் கார்டிலிருந்து ஒன்று பறிபோகும். இடது கையில் இரண்டு ஸ்வரம் போதும், ஏ-யின் ரிலீஸையும் (கையை எடுத்தபின் ஒலி நீளும் நேரத்தையும்) குறைத்துவிடுங்கள்.

ஜூப்பிட்டர் 8 சிந்தசைசரில் 1981-லேயே இரண்டு லேயருக்கும் நடுவே ஒரு பேலன்ஸ் கன்ட்ரோல் முகப்பிலேயே இருந்தது. புராஃபெட் 08-இல் அப்படி ஒன்று இல்லை, ஆனால் பி-க்குத் தனி அவுட்புட் உண்டு. அதில் கேபிள் செருகினால் பி லேயர் மெயினிலிருந்து விலகி அங்கே போய்விடும். மிக்சரில் இரண்டு ஃபேடராக வைத்துக்கொள்ளலாம், ரெக்கார்டிங்குக்கு நான் இப்படித்தான் எடுக்கிறேன். மேடையில் மட்டும் வேண்டாம். ஃபேடர் இருந்த இடத்தைக் கருவி நினைவில் வைத்துக்கொள்ளாது, அங்கே வாய்ஸ் வால்யூமைப் பதிந்து வைத்துக்கொள்வதே நல்லது.