அல்பராசின் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அக்டோபர் கடைசியில் அம்மாவோடு ஸ்பெயின் போகிறோம். தெருவேலில் இரண்டு நாள் தங்கி, அங்கிருந்து அல்பராசின் போக எண்ணம். சிவப்பு மண் பூசிய வீடுகள், மலை முதுகில் ஏறும் கோட்டைச் சுவர் என்று படங்களைப் பார்த்தே மயங்கிவிட்டேன். சிக்கல் அம்மாவின் முழங்கால்தான். கோட்டைச் சுவர் உச்சிவரை நான் ஏறிவிடுவேன். அம்மாவுக்கு ஊருக்குள்ளேயே மேடு பள்ளம் அதிகமோ?

குவாதலவியார் ஆற்றோரம் ஒரு நடைபாதை இருக்கிறதே, அது அவரால் முடியுமா? தொங்கு பாலம் வேறு வருகிறதாம், கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

அப்புறம், பினாரேஸ் தெ ரோதேனோ பைன் காட்டின் பாறை ஓவியங்கள். 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. கார் நிறுத்துமிடத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? எனக்கு அதைவிட ஆசை, ரோமானியர்கள் மலையைக் குடைந்து செயா ஊர்வரை சுமார் 25 கிலோமீட்டருக்குத் தண்ணீர் கொண்டுபோன கால்வாய்மேல். அதன் சுரங்கத்துக்குள் நடந்தவர்கள் இருந்தால், எந்தப் பகுதி சுலபம் என்று சொல்லுங்கள்.

ஊர் 1,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஸ்வெட்டர் போதுமா, கனத்த கோட்டே வேண்டுமா?